தட்டு எங்கே?

ஆறாம் வகுப்பில் பதினோரு பேர்.
பதினோரு கடிதங்களும்
ஒரே வரியில் செத்துக் கிடந்தன:
"ஆகவே மேற்கண்ட காரணங்களால்
பேருந்தை நிறுத்த வேண்டாம். நன்றி."

மேற்கண்ட காரணங்கள் என்னவோ நல்லவைதான்.
ஆர்க்னியில் டிசம்பர் மாதம்
மூன்றேகாலுக்கே சூரியன் கடலுக்குள் போய்விடும்.
மூன்றரைப் பேருந்து நின்றால்
அடுத்தது ஐந்தரைக்கு.
நடைபாதை இல்லாத சாலை,
சால்மன் மீன் ஏற்றிய லாரிகள்,
ஆளைச் சாய்க்கும் காற்று.
இங்கா ரெண்டல் வளைவுகளைக்கூட எண்ணியிருந்தாள்:
பதினான்கு.

இவ்வளவும் சுமந்துகொண்டு
மன்றத்தின் வாசல்வரை போய்
கதவைத் தட்டாமல் திரும்பிவிட்டது
அந்த நன்றி.

பலகையில் எழுதினேன்:
முடிவில் புதுக் காரணம் கூடாது.
சொன்னதையே சொல்லக் கூடாது.
கெஞ்சக் கூடாது.
எர்லண்ட் ஃப்ளெட் கை தூக்கினான்.
"அப்ப என்னதான் மிஸ் சொல்றது?"

ஒன்பது வருடமாக இதைப் பாடம் நடத்துகிறேன்.
பேனா மூடியைத் திறந்தேன், மூடினேன்.
வெளியே கொடிக்கம்பத்தில் கயிறு
டங் டங்கென்று அடித்துக்கொண்டிருந்தது.

"சரி. உங்களுக்குப் பிடிக்காத ஒன்றை
யாராவது உங்களைச் செய்ய வைத்ததுண்டா?"

மெதுவாகச் சொன்னாள் தோரா ட்ரெவர்.
(செப்டம்பருக்குப் பிறகு
அவள் வாய் திறந்தது அன்றுதான்.)
"கடைசி மீன் வடை என்னுது.
அண்ணன் ஏதேதோ பேசினான்.
காலைல இருந்து படகுல நின்னேன்,
கை மரத்துப் போச்சு, அது இதுன்னு.
நான் அசையவே இல்லை.
அப்புறம் பேச்சை நிறுத்திட்டுத்
தட்டை நீட்டினான்."

"கொடுத்தாயா?"

"கை தானாவே கொடுத்துடுச்சு மிஸ்."

வகுப்பு கொஞ்ச நேரம் சும்மா இருந்தது.
பலகையை நானே அழித்தேன்.

அன்றிலிருந்து ஒருவர் தாளை ஒருவர் வாங்கி
ஓரத்தில் பென்சிலால் கேட்டுக்கொண்டார்கள்:
தட்டு எங்கே?
தட்டு எங்கே?
என் பாடக்குறிப்பிலும் ஒரு நாள் அது இருந்தது.
கையெழுத்து யாருடையது என்று தெரியும்.

எர்லண்டின் கடைசிப் பத்தி:
"வெள்ளிக்கிழமை மூன்றரைக்குப்
பள்ளி வாசலில் நிற்பேன்.
என் வீடு இரண்டரை மைல்.
டார்ச் இரண்டு கொண்டுவருகிறேன்.
ஒன்று உங்களுக்கு."

எந்த வெள்ளிக்கிழமை என்று எழுதவில்லை.
கவனித்தேன். திருத்தவில்லை.

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது,
முத்திரை பதித்த தடித்த தாளில்.
"தங்கள் கருத்துகள் உரிய முறையில்
கவனத்தில் கொள்ளப்படும்."
உரக்க வாசித்தேன்.
யாரும் கோபப்படவில்லை.
இங்கா என் மேசையிலிருந்து
சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டாள்.

"முடிவு எழுதியிருக்கிறீர்கள்.
முடிவு எடுக்கவில்லை.
தட்டு எங்கே?
திரும்ப எழுதிக் காட்டவும்."

தலைமையாசிரியராக இருந்தால் தடுத்திருப்பேன்.
நான் வெறும் ஆசிரியை.
அஞ்சல்தலை கொடுத்தேன்.

அதற்குள் மூன்று வெள்ளி போயிருந்தது.
மூன்றிலும் எர்லண்டின் பையில் இரண்டு டார்ச்.
இரண்டாவதை எரியவிட்டுப் பார்த்து
உள்ளே வைத்துக்கொள்வான்.
இங்காவும் தோராவும் கூட நடப்பார்கள்.
நான் காரில் மெதுவாகப் பின்னால் வருவேன்,
சாட்சி போல, கோழை போல.

நான்காவது வெள்ளி
மழை பக்கவாட்டில் பெய்தது.
வாசலில் ஒரு சாம்பல் நிறக் கார்.
இறங்கிய பெண்ணுக்கு
அலுவலகச் செருப்பு, தோளில் அடையாள அட்டை.
மடித்த தாள் ஒன்று கையில் நனைந்துகொண்டிருந்தது,
சிவப்பு மை ஊறி வெளியே தெரிந்தது.

எதையோ விளக்க வாய் திறந்தாள்.
எர்லண்ட் டார்ச்சை நீட்டினான்.

வாங்கிக்கொண்டாள்.
சாலையின் இரண்டு பக்கமும் அடித்துப் பார்த்தாள்.
"எந்தப் பக்கம்?" என்றாள்.

நான் காரைப் பூட்டிவிட்டு இறங்கினேன்.